தூய ஆவின்னா நல்ல பேயா?

இந்த வருஷம் மறைக்கல்வி வகுப்புல எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். "அண்ணா, தூய ஆவின்னா நல்ல பேயா?"

கேட்டவன் மூணாங்கிளாஸ். மத்த வாண்டுகள் யாரும் சிரிக்கல. எல்லாம் என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்குதுங்க. அவங்களுக்கும் அதே சந்தேகம் போல. யோசிச்சுப் பாத்தா பையன் மேல தப்பே இல்லைங்க. டிவியில ஆவின்னா வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம். வீட்ல ஆவின்னா இட்லிப் பானை மூடியத் தொறந்தா மூஞ்சியில அடிக்கிறது. கோயிலுக்கு வந்தா மட்டும் அது கடவுள். எட்டு வயசுப் பையன் எதைன்னு எடுத்துக்குவான்?

நான் வாரத்துல அஞ்சு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பொட்டி தட்டுற ஆளு. ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் வில்லியனூர் பக்கத்துல ஒரு பங்குல ரெண்டாவது, மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் மறைக்கல்வி எடுக்கிறேன். பாகூர் பக்கத்துல இருந்தும் ரெண்டு மூணு பிள்ளைங்க வருதுங்க. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேட்டுல, பாகூர்ல இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூணு கிராமத்தை எழுதி வச்ச விஷயம் இருக்கு. அந்த மண்ணுல இருந்து வர்ற பிள்ளைங்க கேள்வி கேக்காம இருக்குமா :)

சரி, ஆவிக்கு வருவோம். "கையை வாய்க்கு முன்னால வச்சு ஊதுங்க"ன்னு சொன்னேன். ஊதினாங்க. "என்ன தெரியுது?" "காத்து." "சூடா இருக்கா?" "ஆமா." "அது உள்ள இருக்கிற வரைக்கும்தான் நாம உயிரோட இருக்கோம். அதுக்குப் பேரு ஆவி. கடவுளோட மூச்சு தூய ஆவி." இது நான் கண்டுபிடிச்ச உவமை இல்லைங்க. எபிரேயத்துல ரூவா, கிரேக்கத்துல நியூமா, லத்தீன்ல ஸ்பிரித்துஸ், எல்லாத்துக்கும் வேர் அர்த்தம் காத்து, மூச்சுதான். அந்த வகையில நம்ம இட்லிப் பானை ஆவி ரொம்ப நல்ல மொழிபெயர்ப்பு. பேய்ப் படம் எடுத்தவங்கதான் கெடுத்து வச்சிருக்காங்க.

இந்தத் தலைவலி புதுசும் இல்ல. தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம். 1578-ல கொல்லத்துல அச்சாச்சு, 16 பக்கம். போட்டவர் என்ரீக்கே என்ரீக்கஸ்ங்கிற ஏசுசபைச் சாமியார். அடுத்த வருஷமே, 1579-ல, கொச்சியில கிரீசித்தியானி வணக்கம்னு இன்னொண்ணு போட்டாரு. இதைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அது மார்க்கோஸ் ஜோர்ஜ்ங்கிறவர் போர்த்துகீசியத்துல சின்னப் பிள்ளைங்களுக்காக, வாத்தியாரும் மாணவனும் பேசிக்கிற மாதிரி கேள்வி பதிலா எழுதின ஞானோபதேசத்தோட மொழிபெயர்ப்பு. ஆக தமிழ் அச்சு ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷமே பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு ஒரு மனுஷன் மண்டையை ஒடச்சுக்கிட்டிருக்காரு. எனக்கு அது ஒரு ஆறுதல்.

என்ரீக்கஸ் பயந்துக்கிட்டு பல வார்த்தையை அப்படியே போர்த்துகீசியத்துல விட்டுட்டாரு. நம்ம பாட்டி காலம் வரைக்கும் "இஸ்பிரீத்து சாந்து" அப்படித்தான் பொழச்சுது. புரியாது, ஆனா தப்பாவும் புரியாது. அப்புறம் 1606-ல மதுரைக்கு வந்த தத்துவபோதகர், அதாங்க ராபர்ட் தெ நோபிலி, இதெல்லாம் ஆகாதுன்னாரு. பூசைக்கு அதுவரைக்கும் "மிஸ்ஸா"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. தமிழ்க் காதுல அது மீசைன்னு விழுது! சாமியார் மீசை வைக்கப் போறாருன்னா ஜனங்க என்ன நினைக்கும்? பூசை, கோயில், வேதம்னு ஊர் வார்த்தைகளையே எடுத்துக்கிட்டாரு. ஊர் வார்த்தையில ஒரு வசதி, பிள்ளைக்கு உடனே புரியும். ஒரு ஆபத்து, ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரியே புரியும். "ஜென்மப் பாவம்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. ஆதாம் ஏவாள்ட்ட இருந்து வர்றதுன்னு நாம சொல்ல வந்தா, பிள்ளைங்க காதுல போன ஜென்மத்துப் பாவம்னு விழுது. சீரியல் பாத்து வளர்ற பிள்ளைக்கு ஜென்மம்னா அதுதானே.

தரங்கம்பாடிக்கு 1706-ல வந்த சீகன்பால்க் வேற ரூட் புடிச்சாரு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட சேந்து உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதித் தமிழ் கத்துக்கிட்டாரு. சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல உக்காரணும்ங்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க வகுப்புல நாற்காலி இருக்கு, ஆனா நான் தரையிலதான் உக்காருவேன். (முழங்கால் வலி தனிக்கதை.)

அடுத்தது மூவொரு கடவுள். இதை எடுக்கிற அன்னைக்கு மட்டும் எனக்கு வயித்தைக் கலக்கும். "மூணு பேரு, ஆனா ஒரே கடவுள்"னு ஆரம்பிச்ச உடனே பின் வரிசையில இருந்து குரல் வந்துச்சு. "தசாவதாரம் கமல் மாதிரியாண்ணா?"

அசந்துட்டேன். மூணாம் நூற்றாண்டுல சபெல்லியுஸ்னு ஒருத்தர் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். ஒரே ஆளு, மூணு வேஷம். சபை அதை ஏத்துக்கல. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற தண்ணி, ஐஸ், ஆவி உவமையும் இதே கேஸ்தான். ஒரே பொருள், மூணு நிலைமை. "ஒரே ஆளு எனக்கு அப்பா, உனக்கு மாமா, தாத்தாவுக்குப் பையன்"னு சொன்னாலும் அதே. மாத்தி, மூணு அண்ணன் தம்பி மாதிரின்னு சொன்னா மூணு சாமி ஆயிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நிசேயாவுல ஆயர்கள் கூடி இந்த விவகாரத்தைப் பேசினது 325-ல. 2025-ல அதுக்கு 1700 வருஷம் முடிஞ்சுது. இன்னும் வயித்தைக் கலக்குது.

எங்க துறையில ஜோயல் ஸ்போல்ஸ்கின்னு ஒருத்தர் 2002-ல எழுதின ஒரு கட்டுரை ரொம்பப் பிரபலம். சிக்கலான விஷயத்தை மறைச்சு எளிமையாக் காட்டுற எந்த மூடியும் ஏதோ ஒரு இடத்துல ஒழுகும்ங்கிறது அதோட சாரம். உவமையும் அப்படித்தான். ஒழுகும். ஆனா புரோகிராம்ல ஒழுகினா நாளைக்கு சரி பண்ணிக்கலாம். எட்டு வயசுல மனசுல விழுந்த உவமையை நாப்பது வயசுலயும் எடுக்க முடியாது. அதனால நான் மூவொரு கடவுளுக்கு உவமையே சொல்றதில்ல. கமல் மாதிரி இல்லைன்னு சொன்னேன். "படத்துல கமலும் கமலும் பேசிக்கிற மாதிரி காட்டுவாங்க, ஆனா நிஜத்துல ஒருத்தர்தான். இங்க அப்பா மகன்கிட்ட நிஜமாவே பேசுறாரு. மகன் ஆத்தங்கரையில நிக்கிறாரு, அப்பா குரல் வானத்துல இருந்து வருது, ஆவியானவர் புறா மாதிரி இறங்குறாரு." கதையைச் சொல்லிட்டு சிலுவை அடையாளம் போடக் கத்துக் குடுத்தேன். கை தெரிஞ்சுக்கட்டும். மண்டை பின்னாடி வரும். சோம்பேறித்தனம்னு சொல்றவங்க சொல்லிக்கலாம்.

உவமை சொல்றதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தைக்குள்ள உவமை உக்காந்திருந்தா என்ன பண்றது? மீட்புன்னு ஒரு வார்த்தை இருக்கு. மீட்பர் ஏசு. எங்க பிள்ளைங்களுக்கு மீட்கிறதுன்னா என்னன்னு நான் சொல்லவே வேணாம். விதைப்புக்கு முன்னாடி அம்மா தோடு சேட்டு கடைக்குப் போகும், அறுவடை முடிஞ்சு திரும்பி வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும். அதனால ஒரு பையன் சட்டுனு கேட்டான், "அப்ப நம்மள அடகு புடிச்சு வச்சிருந்தது யாருண்ணா? ஏசு யார்கிட்ட கட்டினாரு?"

இது சாதாரணக் கேள்வி இல்லைங்க. மூணாம் நூற்றாண்டுல ஒரிஜன், நாலாம் நூற்றாண்டுல நீசா நகர் கிரகோரி மாதிரி பெரிய தலைகள் எல்லாம், பிசாசுகிட்டதான் கட்டினாருன்னு எழுதியிருக்காங்க. கிரகோரி ஒரு படி மேல போய், தூண்டில் முள்ளை இரைக்குள்ள மறைச்ச மாதிரி மனுஷ உடம்புக்குள்ள கடவுள் மறைஞ்சு வந்து பிசாசைப் புடிச்சாருன்னு சொல்றாரு. கடவுள் போய் பிசாசுக்குக் கடன்காரனா இருப்பாராங்கிறது ஆன்செல்ம் கேட்ட கேள்வி. அவர் புத்தகத்தை முடிச்சது 1098-ல. கிட்டத்தட்ட எண்ணூறு வருஷம் ஓடின விவாதத்தை நம்ம பையன் சேட்டு கடை வாசல்ல நின்னுக்கிட்டு அஞ்சு செகண்டுல புடிச்சுட்டான். "கடைக்காரன் யாருன்னு பாக்காத. தோடு திரும்ப அம்மா காதுக்கு வந்துச்சுல்ல, அதைப் பாரு"ன்னு சொன்னேன். "வட்டி?"ன்னு கேட்டான். பெல் அடிச்சுட்டாங்க :)

நாலாவது படிக்கிற பிள்ளைங்களுக்குப் புதுநன்மை தயாரிப்பு தனியா உண்டு. இதுல எனக்குக் கை குடுக்கிறவர் பத்தாம் பத்திநாதர். 1910 வரைக்கும் பல நாட்டுல பத்து, பன்னெண்டு, சில இடத்துல பதினாலு வயசு ஆனாத்தான் புதுநன்மை. அவர் அந்த வருஷம், ஏழு வயசு சுமாருக்குப் போதும்னு ஆணை போட்டாரு. பிள்ளைக்கு இறையியல் எல்லாம் வேணாம், நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண ரொட்டிக்கும் வித்தியாசம் தெரிஞ்சா சரின்னு. அந்த வித்தியாசம் பிள்ளைங்களுக்கு ஆச்சரியமா சீக்கிரம் புரிஞ்சுடுது. அம்மா ஊட்டுற ஒரு வாய்ச் சோத்துக்கும் மெஸ்ல போடுற சோத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்ச பிள்ளைங்கதானே. கஷ்டம் திராட்சை ரசத்துல வரும். தெருவுக்குத் தெரு ஒயின்ஸ் போர்டும், கிராமத்துல சாராயக்கடையும் இருக்கிற புதுச்சேரியில "சாமியாரு மட்டும் குடிக்கலாமா?"ங்கிற கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் தேடிட்டிருக்கேன்.

சின்னப் பிள்ளைங்களால கண்ணுக்குத் தெரியாததை யோசிக்க முடியாது, அதனால ரொம்பச் சீக்கிரம் இதெல்லாம் சொல்லாதீங்கன்னு 1964-ல இங்கிலாந்துல ரொனால்ட் கோல்ட்மன் ஆராய்ச்சி பண்ணி எழுதினாரு. அதுக்கு எதிர் கட்சி மரியா மாண்டிசோரி. 1939-ல சென்னை அடையாருக்கு வந்து வருஷக்கணக்குல இந்தியாவுல இருந்தாங்களே, அந்த அம்மாதான். பூசையைப் பிள்ளைங்களுக்கு விளக்கி 1932-லயே ஒரு புத்தகம் போட்டவங்க. தொட்டுப் பாக்க எதையாவது குடுங்க, சின்ன பீடம், சின்ன கிண்ணம், மிச்சத்தைப் பிள்ளை பாத்துக்கும்னு அவங்க கட்சி. நான் அந்த அம்மா பக்கம். வில்லியனூர் மாதா கோயில் குளத்துப் படியில ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் உக்கார வச்சாலே பாதிப் பாடம் முடிஞ்சுடும். பிரான்சுல லூர்து காட்சி 1858-ல. பத்தொன்பது வருஷத்துல, 1877-ல, இங்க சுரூபம் வந்து இறங்கிடுச்சு. ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற சனிக்கிழமை கொடி ஏறினா பத்து நாளும் மொட்டை போட்டுக்கிட்டு, மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு வர்ற கூட்டத்துல பாதிக்குப் பாதி நெத்தியில விபூதி இருக்கும். அதே ஜனம் திருக்காமீசுவரர் தேரையும் இழுக்கும்.

இங்கதான் சிக்கலும் வந்துச்சு.

நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு. நல்ல சூட்டிகை. அவங்க அம்மா கிறிஸ்டியன், அப்பா இல்ல. வாராவாரம் டிவிஎஸ் எக்ஸெல்ல கொண்டாந்து விடுறது அப்பாதான். பூசை, வகுப்பு ரெண்டும் முடியுற வரைக்கும் வேப்பமரத்தடியில பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு வாரம் வகுப்பு முடிஞ்சும் அந்தப் பொண்ணு போகல. ஓரமா நின்னுட்டு, "அண்ணா, எங்க அப்பா ஞானஸ்நானம் வாங்கல. அவரு மோட்சத்துக்கு வரமாட்டாரா? ஆயா சொன்னாங்க."

ஆவிக்கும் அடகுக்கும் சிரிக்கலாம். இதுக்கு எப்படிச் சிரிக்கிறது? இது அவளுக்குத் தத்துவம் இல்ல. தன்னை வண்டியில முன்னாடி உக்கார வச்சு, வெயில்ல துண்டைப் போத்திக் கூட்டிட்டு வர்ற ஆளு பத்தின விஷயம்.

பெரியவங்களுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட நிறைய இருக்கு. சபைக்கு வெளியில மீட்பு இல்லைங்கிறதை அப்படியே நேரடி அர்த்தத்துல பிடிச்சுக்கிட்ட பாஸ்டன் சாமியார் ஃபீனிக்கு 1949-லயே ரோமாபுரி மறுப்பு எழுதுச்சு. 1964-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், தன் தப்பு இல்லாம நற்செய்தியை அறியாதவங்க நேர்மையான மனசோட கடவுளைத் தேடினா அவங்களுக்கும் மீட்பு உண்டுன்னு தெளிவா எழுதி வச்சிருச்சு. இதையெல்லாம் ஒம்பது வயசுப் பொண்ணுகிட்ட சொல்ல முடியுமா?

நல்ல சமாரியன் கதை தெரியுமான்னு கேட்டேன். தெரியும், கடகடன்னு சொன்னா. "அடிபட்டுக் கெடந்தவரைத் தூக்கிட்டுப் போனவரு எந்தக் கோயிலுக்குப் போறவரு?" யோசிச்சா. "அவங்க கோயிலு வேற." "அப்ப அவரை ஏசு என்ன பண்ணாரு?" "ஹீரோ ஆக்கிட்டாரு." "சாமியாரு, லேவியரு எல்லாம்?" "தாண்டிப் போயிட்டாங்க." கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் மரத்தடிக்கு ஒரே ஓட்டம்.

அடுத்த வாரம் ஆயா வந்துட்டாங்க! எழுபது வயசு தாண்டியிருக்கும். சின்னக் குறிப்பிடம் முழுசும் இன்னிக்கும் மனப்பாடமா ஒப்பிக்கக்கூடிய தலைமுறை. கோயில் படியில உக்காந்துக்கிட்டு, "ஏந்தம்பி, நீதான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறியா? ஞானஸ்நானம் வேணாம்னியாமே?"ன்னாங்க.

"வேணாம்னு சொல்லல ஆயா. அது இல்லாதவங்களைச் சாமி கைவிட்டுடுவாருன்னு நமக்குச் சொல்ல முடியாதுன்னு..."

"அப்ப என் புள்ள?"

எனக்குப் புரியல. அவங்களே சொன்னாங்க. கல்யாணம் ஆன புதுசு. மொதப் பையன். பொறந்த ராத்திரியே போயிடுச்சாம். தண்ணி ஊத்தக்கூட யாரும் இல்ல. கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் குடுக்கல, வேலிக்கு வெளியில பொதச்சாங்க. அந்தப் பச்சப்புள்ளைங்க எல்லாம் மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவுல ஒரு எடத்துல கெடக்கும்னு சொன்னாங்களாம். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

மருமகன் மேல இருந்த கண்டிப்பு எங்க இருந்து வருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சொந்தப் பிள்ளைக்கே கதவு சாத்தினப்போ மத்தவருக்கு எப்படித் திறக்கும்?

லிம்போன்னு சொல்ற அந்த நடு எடம் சபையோட விசுவாசக் கோட்பாடா என்னிக்கும் அறிவிக்கப்பட்டதே இல்ல. 2007-ல பெனடிக்ட் பாப்பரசர் அனுமதியோட சர்வதேச இறையியல் ஆணையம் ஒரு அறிக்கை விட்டுச்சு. ஞானஸ்நானம் இல்லாம இறந்த பிள்ளைங்க கடவுளோட இருப்பாங்கன்னு நம்புறதுக்குப் பலமான காரணங்கள் இருக்குன்னு. நிச்சயம்னு சொல்லல, நம்பிக்கைன்னு சொல்லுச்சு. அதுக்கும் முன்னாடியே, 1983 திருச்சபைச் சட்டத்துல, ஞானஸ்நானம் குடுக்கணும்னு பெத்தவங்க நினைச்சிருந்து அதுக்குள்ள பிள்ளை போயிட்டா, ஆயர் அனுமதியோட அடக்கச் சடங்கு செய்யலாம்னு வந்துடுச்சு. இதை என்னால முடிஞ்ச தமிழ்ல அந்தப் படியில உக்காந்து சொன்னேன். நாலு தடவை சொல்லியிருப்பேன்.

அழுவாங்கன்னு நினைச்சேன். இல்ல. கோவம்தான் வந்துச்சு.

"இத இப்ப வந்து சொல்றானுவளா? அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

நான் என்ன சொல்றது. 1983-ல இருந்து இத்தனை வருஷமா அந்த ஊர்ல யாரும் அவங்ககிட்ட சொல்லலையே. அறிக்கை எல்லாம் ரோமாபுரி வெப்சைட்டுல இருக்கு. ஆயா வேலி ஓரத்துல நின்னுட்டிருந்திருக்காங்க. எனக்கும் கோவம் வந்துச்சு.

அந்த வேலி ஓரம் இப்போ மனைப் பிரிவு, வீடு கட்டியாச்சு. அதனால அங்க போய் மந்திரிக்கவும் வழியில்ல. பங்குச் சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு ஒண்ணும் பிரசங்கம் பண்ணல. நோட்டை எடுத்து, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக் கருத்துல எழுதிக்கிறேன், பேரு சொல்லுங்கன்னாரு. பேரு வைக்கிறதுக்குள்ளயே போன பிள்ளையாச்சேன்னு நான் முழிக்கிறேன். ஆயா ஒரு நொடி யோசிக்கலைங்க. பேரைச் சொன்னாங்க. சாமியார் எழுதிக்கிட்டாரு. காணிக்கை எவ்வளவுன்னு கேட்டாங்க, அவரு வேணாம்னாரு. கேக்காம ஐம்பது ரூபாயை மேசை மேல வச்சுட்டு வந்துட்டாங்க.

மருமகன் விஷயத்துல ஆயா மனசு மாறிட்டாங்களான்னு எல்லாம் கேக்காதீங்க. போகும்போது மரத்தடியில இருந்தவரைப் பாத்து, "வெயில்ல ஏன் உக்காந்துனு கீற, உள்ள ஃபேனு ஓடுதுல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. அவரு போகல. பேப்பர்ல ராசிபலன் பாக்கி இருந்துச்சாம்.

அடுத்த வாரப் பாடம் உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்குப் போற வழியில ஆத்துமாக்கள் சுத்தமாகிற எடம், பாஸ் நிச்சயம் ஆனா இன்னும் சர்டிபிகேட் கைக்கு வரல. அரியர்ஸ்னு சொல்லிடலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன். எஞ்சினியரிங் படிச்சவனுக்கு அதை விட நல்லாத் தெரிஞ்ச உவமை கிடையாது. எங்க ஒழுகும்னு பின் வரிசைக்காரன் கண்டிப்பா கண்டுபிடிச்சுடுவான்.